கண்ணாத்தாளின் சாப்பாட்டு டப்பா

எறிந்த பாத்திரம் எங்கே போய் விழும் என்பதில் கண்ணாத்தாளுக்கு இருந்த அனுபவம் எங்கள் யாருக்கும் இல்லை. எவர்சில்வர் தட்டு சுழன்றுகொண்டு வரும், குனிந்தால் போதும். டம்ளர் நேராக வரும், நகர்ந்துகொள்ள வேண்டும். குழம்புக் கிண்ணம்தான் மோசம், கிண்ணம் படாவிட்டாலும் குழம்பு படும். இதையெல்லாம் அவள் ஒரு நாள் மத்தியானம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுடைய இடது புருவத்துக்கு மேலே தட்டின் விளிம்பு கிழித்த தழும்பு இருக்கிறது. அன்றைக்குக் குனியக் கொஞ்சம் தாமதமாகிவிட்டதாம்.

நான் ராஜலட்சுமி. கீரமங்கலத்தில் ஒரு பூ கமிஷன் கடையில் பதினோரு வருடமாக பில் போடுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் வாயைக் கட்ட முடியாது. கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கண்ணாத்தாளைப் பற்றி எழுதும்போது அந்தக் கோபத்தை ஒளித்துவைக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை.

எங்கள் கடையில் விடியுமுன் வேலை தொடங்கிவிடும். மல்லிகை, முல்லை, சம்பங்கி எல்லாம் எடைபோட்டு வண்டியேற்றி அனுப்பி முடிக்கப் பதினோரு மணி ஆகும். அதற்குள் பசி உயிரை எடுத்துவிடும். பின்பக்க அறையில் ஐந்து பேர் வட்டமாக உட்காருவோம். எடைபோடுகிற ஐயனார் அண்ணன், மனைவி இறந்த பிறகு தானே சமைக்கக் கற்றுக்கொண்டு இப்போது எங்களுக்கே பாடம் எடுக்கிறவர். மாலை கட்டுகிற பிரகதாம்பாள். பூவைத் தரம் பிரிக்கிற ராக்காயி. நான். ஐந்தாவதாக, ராக்காயியோடு தரம் பிரிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தவள் கண்ணாத்தாள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஐந்து பேருமே பேராசைக்காரர்கள். எங்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு. தன் டப்பாவைத் தானே திறக்கக் கூடாது, அடுத்தவர் டப்பாவைத்தான் இழுத்துக்கொள்ள வேண்டும். யாருடைய டப்பாவும் வெறுமனே வீடு திரும்பக் கூடாது, மிஞ்சியதில் ஒரு கரண்டியாவது போட்டுத்தான் மூட வேண்டும். பண்டிகை வந்தால் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம், ஆளுக்கு ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். கடை முதலாளி எங்களைத் தின்னிக் கூட்டம் என்பார். மறுத்துப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை.

கண்ணாத்தாள் வந்த முதல் வாரம் அவள் டப்பா என் பக்கம் வந்தது. பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. நான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மடியில் மறைத்துக்கொண்டேன். ஐயனார் அண்ணன் விடாமல் பிடுங்கினார், மூடியில் ஒட்டியிருந்ததை ராக்காயி வழித்து நக்கினாள். "என்ன போட்ட இதுல? மறைக்காமச் சொல்லு" என்று பிரகதாம்பாள் கேட்டபோது அவள் அழுதாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் குழம்பை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவள் புருஷன் அழகுமலை கல்யாணத்துக்கு அப்புறம் சவூதிக்குப் போய், லீவுக்கு வந்துபோய்க்கொண்டு பத்து வருடம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். இப்போது சொந்தமாக ஒரு லோடு வேன் வைத்திருக்கிறான். அதிகாலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவான், வந்ததும் சாப்பாடு. "பத்து வருசம் காஞ்ச ரொட்டியத் தின்னு நாக்குச் செத்துப்போயி வந்திருக்கேன். வாய்க்கு வெளங்குற மாதிரி ஒரு வாய் சோறு போட ஒனக்கு வக்கில்ல" என்பான். உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். புளி கூடினால் செவிட்டில் ஒன்று விழும். குடித்திருந்தால் குறையே தேவையில்லை, கீழே தள்ளி மிதிப்பான்.

அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "படியேறும் முன்னாடியே பிராந்தி வாடை வந்துரும்க்கா. வந்துச்சுன்னா இளமதிய பக்கத்து வீட்டுக்குப் படிக்க அனுப்பிருவேன். அருவாமனைய எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னாடி வச்சிருவேன்" என்றாள். இளமதி அவள் மகள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பரீட்சை எழுதி நர்ஸிங் சேர்கிற வரைக்கும் அந்த வீட்டில் தாக்குப்பிடிக்க வேண்டும், கண்ணாத்தாளுக்கு இருந்த ஒரே கணக்கு அதுதான். வீடு அவன் பெயரில் இருந்தது. பிறந்த வீட்டில் இவளை வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி சரியாக வேகவில்லை என்று அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, பின்மண்டையை நிலைக்கட்டையில் மூன்று தடவை மோதினான். மூன்றாவது தடவை அவளுக்கு நினைவு போய்விட்டது. தண்ணீர் தெளித்து எழுப்பி, அறந்தாங்கிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக் கூட்டிவந்ததும் அவனேதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொல்ல வைத்தான். நாலாம் நாள் வேலைக்கு வந்தவள் எங்களிடமும் முதலில் அதையே சொன்னாள். கேட்டுக்கொண்டோம், நம்பவில்லை. அவள் வீட்டு விவகாரம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே சமயம் அது, மூடியிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அவள் டப்பா கெட்டது. அடிப்பிடித்த குழம்பு வந்தது. கருகிய தாளிப்பு வந்தது. ஒரு நாள் ஊசிப்போன தேங்காய்ச் சட்னியை ராக்காயி வாயில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடித் துப்பினாள். மனசு சரியில்லாதவள் என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். வீட்டில் அவன் பேசாமல் இருக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் அவள் கைகளில் பச்சையும் ஊதாவுமாகக் காயம் மாறிமாறி இருந்துகொண்டே இருந்தது.

ஆனி மாதம் ஒரு நாள் நல்ல மழை. நனைந்து வந்த முல்லை மூட்டை ஒன்று அடியில் அழுகிப்போயிருந்தது. கட்டை அவிழ்த்ததும் பில் மேஜை வரைக்கும் நாற்றம் வந்தது. கண்ணாத்தாள் அதை இரண்டு கையாலும் அள்ளி நல்ல பூவோடு பரப்பிக்கொண்டிருந்தாள். முதலாளி கத்தினார். எனக்கும் கோபம் வந்து, அழுகிய பூவைக் கை நிறைய அள்ளி அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "நாறல ஒனக்கு?" என்றேன்.

அவள் விழித்தாள். "என்னக்கா நாறணும்?"

நான் அந்தப் பூவைக் கீழே போட்டுவிட்டு, அன்றைக்கு வந்த குண்டு மல்லிகையில் ஒரு பிடி எடுத்து அவள் மூக்கருகே வைத்தேன். முகர்ந்தாள். தலையை ஆட்டினாள். பிரகதாம்பாள் தன் டப்பாவைத் திறந்து பெருங்காயம் தூக்கலாகப் போட்ட ரசத்தை நீட்டினாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பாவமாகப் பார்த்தாள். ஐயனார் அண்ணன் தராசுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பூக்கடையில உக்காந்துக்கிட்டு ஒரு மாசமா பூ வாசம் தெரியாம இருந்திருக்கியே ஆத்தா" என்றார்.

"பூ வாசம் போனாப் போகட்டும்ண்ணே" என்றாள் கண்ணாத்தாள். "அவரு குடிச்சிட்டு வாராரான்னு தெரிய மாட்டேங்குது. அடி விழுந்தப்புறந்தான் தெரியுது. முந்தாநாளு இளமதி உள்ள இருக்கும்போதே அடிச்சுப்புட்டாரு."

புதுக்கோட்டையில் ஒரு மூக்கு டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பின்மண்டையில் பட்ட அடியில் வாசனை அறிகிற நரம்பு அறுந்திருக்கிறது என்றார். உப்பு, புளிப்பு, காரம் நாக்குக்குத் தெரியும், மணம் எதுவும் தெரியாது. திரும்ப வருவது கஷ்டம் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குத் தெரியக் கூடாதுக்கா. சோறாக்க ஆகாதவன்னு என்னையும் புள்ளையையும் வெளிய தள்ளிருவாரு. பரிச்ச வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிறேன்" என்றாள். மூக்கைப் பறித்தவனே மணக்கவில்லை என்று அடிக்கிறான், இவள் அவனுக்குத் தெரியாமல் அதை மறைக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த பஸ்ஸையே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

யோசனை சொன்னது ராக்காயி. டப்பா எப்படியும் வெறுமனே திரும்புவதில்லை, ஒரு கரண்டிக்குப் பதில் நிறையப் போட்டு அனுப்புவோம், அழகுமலை ராத்திரிக்கு அதைத் தின்னட்டும், அவள் சோறு மட்டும் வடித்தால் போதும் என்றாள். மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் ஐயனார் அண்ணனின் கோழி மிளகு வறுவல், ஒரு நாள் ராக்காயியின் கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு, ஒரு நாள் பிரகதாம்பாளின் ஈரல், ஒரு நாள் என்னுடைய நண்டு ரசம். அந்த மிருகத்துக்கு என் கையால் நண்டு உடைத்துப் போட வேண்டியிருக்கிறதே என்று திட்டிக்கொண்டேதான் இடித்தேன்.

தட்டு பறப்பது நின்றது. மூன்று மாதம் அவள் உடம்பில் புதுக் காயம் இல்லை. அழகுமலை வேன் ஸ்டாண்டில் தன் பெண்டாட்டி கைப்பக்குவத்தைப் பற்றிப் பெருமை அடிப்பதாகச் செய்தி வந்தது. இளமதிகூடக் கொஞ்சம் சதை போட்டாள்.

அப்படித்தான் தீபாவளி வந்தது. இந்தத் தடவை விருந்து தன் வீட்டில்தான் என்று அழகுமலையே சொல்லி அனுப்பினான். ஆளுக்கு ஒரு சட்டி என்பது வழக்கம் அல்லவா. நாங்கள் நான்கு பேரும் அவரவருக்கு நன்றாக வருவதைச் சமைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். கோழி மிளகு வறுவல், கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு, ஈரல், நண்டு ரசம். வடிகட்டின முட்டாள்கள் நாங்கள். ஒருவருக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ஆட்டுக்கறிக் குழம்பு மட்டும் கண்ணாத்தாள் வைத்தாள். காலை ஏழு மணிக்கே போய் நான் அடுப்படியில் அவள் பக்கத்தில் நின்றேன். வெங்காயம் வதங்கியது, மசாலாப் பச்சை வாடை போனது, இறக்கலாம் என்று ஒவ்வொன்றாக நான் காதில் சொல்ல, அவள் செய்தாள். அழகுமலையும் அவனோடு வேன் ஓட்டுகிற முத்துராஜும் வெடிச் சத்தத்துக்கு நடுவே தின்பண்டம் கொறித்துக்கொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டுக்கு இலை போடும்போது அழகுமலையிடம் பிராந்தி வாடை ஆளைத் தூக்கியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணாத்தாள் ஒன்றும் தெரியாமல் சிரித்த முகத்தோடு அவனுக்கு அப்பளம் வைத்தாள்.

முதலில் அவன் ரசத்தைத்தான் குடித்தான். "இது எங்க வீட்டு ரசம்" என்று முத்துராஜிடம் சொன்னான். "போன பொதன்கெழம வச்சா." அப்புறம் கோழியை எடுத்தான். "இதுவும் எங்க வீட்டுது." கத்தரிக்காயை வாயில் போட்டவன் மெல்லுவதை நிறுத்தினான். இலையைப் பார்த்தான், நாங்கள் கொண்டுவந்த சட்டிகளைப் பார்த்தான்.

"இந்தக் கோழி யாரு வச்சது?"

"நான்தான் தம்பி" என்றார் ஐயனார் அண்ணன். அவருக்கு அப்போதுகூடப் பிடிபடவில்லை.

"மூணு மாசமா இந்தாளு ஆக்குனதையா எனக்குப் போட்ட?" என்று அவன் எழுந்தான். அவன் கால் முதலில் கறிக்குழம்புப் பாத்திரத்தின் மேல்தான் பட்டது. ஆவி பறக்கிற குழம்பு கண்ணாத்தாளின் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் கொட்டியது. அவள் குனிவதற்குள் முடியைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான், உதடு கிழிந்தது. குறுக்கே போன ஐயனார் அண்ணனைத் தண்ணீர்ச் சொம்பால் வாயில் அடித்தான், ஒரு பல் இலையில் விழுந்தது. ராக்காயி அவன் முதுகில் தொங்கினாள், அவளைச் சுவரில் மோதித் தள்ளினான். இளமதி வீல் என்று கத்தினாள். அவன் திரும்பவும் கண்ணாத்தாளின் தலையைப் பிடித்து அதே நிலைக்கட்டைப் பக்கம் இழுப்பதைப் பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. குழம்புக் கரண்டியை எடுத்து அவன் முழங்கையில் ஒன்று போட்டேன். பிடி விட்டது. இன்னொன்றை நெற்றியில் போட்டேன். ரத்தம் கண்ணில் வழிய அப்படியே தரையில் உட்கார்ந்தான். இன்றைக்கு வரைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

"அவளுக்கு வாசனையே தெரியாதுடா" என்றேன். "வைகாசில நீ மண்டைய மோதுனியே, அன்னைக்கே போச்சு. ஒனக்குப் பயந்து மறைச்சுக்கிட்டுத் திரியிறா. அதான் நாங்க ஆக்கிக் குடுத்தோம்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "பொய்யி" என்றான். முத்துராஜ் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

கண்ணாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் தோல் கொப்பளித்துக்கொண்டு வந்தது. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த கொஞ்சம் குழம்பை வழித்து அவன் இலையில் வைத்தாள். "இது நான் வச்சது. என்ன கொறன்னு சொல்லுங்க. சொல்லிட்டு அடிங்க" என்றாள்.

எதற்காகவோ, அவன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். அவள் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். உப்புச் சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது, மணம் நான் பார்த்துக்கொண்டது. அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தானே தவிர வாயைத் திறக்கவில்லை.

"பதினெட்டு வருசமும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அவள். பிறகு, "இளமதி, புத்தகப் பைய எடு" என்றாள்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். ஐயனார் அண்ணன் விழுந்த பல்லைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கேஸ் நடக்கிறது, அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். கண்ணாத்தாளும் மகளும் ராக்காயி வீட்டுப் பின்பக்க அறையில் இருக்கிறார்கள். அங்கிருந்துதான் இளமதி படித்தாள், அங்கிருந்தே போய்ப் பரீட்சை எழுதினாள். கண்ணாத்தாள் பழையபடி டப்பா கொண்டுவருகிறாள். அதிகாலையில் ராக்காயி அடுப்படிக்கு வந்து நின்று அவளுக்கு வாசம் சொல்கிறாள்.

இளமதிக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் பதினொன்றரை மணி இருக்கும். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கண்ணாத்தாள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோறு பிசைந்துகொண்டிருந்தாள். முதலில் பிரகதாம்பாள் நிமிர்ந்தாள். அப்புறம் எனக்கும் அடித்தது. கடை முழுக்க இருந்த மல்லிகை வாசத்தையும் தாண்டி பிராந்தி வாடை.

அழகுமலை அறை வாசலில் நின்றான். நெற்றியில் நான் போட்ட தழும்பு இருந்தது. கையில் வேன் ஜாக்கிக் கம்பி. கண்ணாத்தாளின் முதுகுக்கும் அவனுக்கும் இடையில் நாலு எட்டுத் தூரம்தான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கோழித் துண்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயனார் அண்ணன் சோற்றுக் கையோடு எழுந்தார். ராக்காயி பூ நறுக்குகிற கத்தரியோடு எழுந்தாள். பிரகதாம்பாள் கையில் ஒன்றும் இல்லை, அவளும் எழுந்தாள். பக்கத்தில் இருந்த பில் கட்டு பறக்காமல் இருக்க அதன்மேல் நான் வைத்திருந்த ஒரு கிலோ எடைக்கல் கைக்கு எட்டியது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் போய் அவளுக்கும் அவனுக்கும் நடுவே நின்றோம். அவன் எங்கள் நாலு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். கம்பியை ஓங்கக்கூட ஓங்கினான். ஐயனார் அண்ணன் பல் இல்லாத வாயோடு அவனைப் பார்த்துக்கொண்டே ஓரடி முன்னால் வைத்தார். அவன் கை இறங்கியது. திரும்பி நடந்தான், கம்பி படியில் இடிபடுகிற சத்தம் அவன் தெருவில் இறங்கும் வரைக்கும் கேட்டது.

கண்ணாத்தாள் அப்போதுதான் திரும்பியிருந்தாள். "அவரு வந்தாராக்கா?"

"வந்தான்."

"குடிச்சிருந்தாரா?"

"தெருவே நாறுச்சு" என்றேன்.

அவள் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே திரும்ப வைத்தாள். நான் எடைக்கல்லைப் பில் கட்டின் மேல் திரும்ப வைத்தேன். பிரகதாம்பாள், "நீ இங்கிட்டு வந்து உக்காரு கண்ணாத்தா, கதவப் பாத்த மாதிரி" என்று தன் இடத்தைக் காட்டினாள்.

கண்ணாத்தாள் அந்த இடத்தையும் கதவையும் ஒரு தடவை பார்த்தாள். எங்களையும் பார்த்தாள். பிறகு பழையபடி முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. கதவ நீங்க பாத்துக்குங்க" என்றாள். "அந்தக் கோழிய இங்கிட்டுத் தள்ளுங்க."